“ஆரிட்டக் கேக்கிறது, பிள்ளை?” என்று கேட்டவருக்கு என்ன பதில் சொல்வது?

குயின்ஸ்லாந்தின் ஒரு சிறிய நகரத்திலிருந்து முதியோர் இல்லத்து நர்ஸ் ஒருவர் எழுதியிருக்கிறார். நாகர்கோவில் பக்கம் பிறந்து வளர்ந்து, அங்கேயே நர்சிங் படித்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியா வந்தவர். வேலை கொடுத்த நிறுவனத்தின் விசாவில் இருக்கிறார். அவர் வேலை செய்யும் இல்லம் ஒரு கிறிஸ்தவ அமைப்பு நடத்துவது. அவரும் கத்தோலிக்கர். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அந்த இல்லத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வயது 76. மார்பகப் புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவிவிட்டது. நினைவு தெளிவாக இருக்கிறது. ஆங்கிலம் வாசிப்பார், ஆனால் பேச்சு வேகமாகப் போனால் பிடிபடாது. அந்த இல்லத்தில் தமிழ் பேசுகிறவர் இந்த நர்ஸ் ஒருவர்தான். ஓர் இரவு மருந்து கொடுக்கப் போனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்: “பிள்ளை, இஞ்ச சாகிறதுக்கு உதவி செய்யிற சட்டமொண்டு இருக்காம். எனக்கு அது கிடைக்குமோ? ஆரிட்டக் கேக்கிறது?” நர்ஸ் பதறிப்போய், “அப்படியெல்லாம் பேசாதீங்க டீச்சரம்மா, கடவுள் பாத்துக்குவார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, நோட்ஸிலும் எழுதவில்லை. இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை என்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. நான் இதில் சம்பந்தப்பட வேண்டியிருக்குமா? மறுத்தால் வேலையும் விசாவும் நர்ஸ் பதிவும் போய்விடுமா? எங்கள் இல்லத்தில் இதைப் பேசவே கூடாது என்கிறார்களே, பேசினால் குற்றமா? இது தற்கொலைக்கு உடந்தையாவது இல்லையா? மகனிடம் சொல்லிவிடலாமா, அவர் பார்த்துக்கொள்வார் அல்லவா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், நீங்கள் எழுதியது நல்லது. உங்கள் கடிதத்தில் பயம் நிறைய இருக்கிறது. ஆனால் இரண்டு வாரம் கழித்தும் டீச்சரம்மாவின் கேள்வி அப்படியே வார்த்தை மாறாமல் உங்கள் நினைவில் இருக்கிறது. அதை நான் கவனித்தேன். அந்த அக்கறையை நம்பித்தான் கொஞ்சம் நேராகவே பேசப் போகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். இங்கே விஏடி என்று எல்லோரும் சொல்லும் தன்விருப்ப மரண உதவிக்கு (நோயாளியே கேட்டால் மருந்து கொடுத்து இறக்க உதவுவது), ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிச் சட்டம். முதலில் விக்டோரியாவில் 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் குயின்ஸ்லாந்துச் சட்டம் 2021இல் இயற்றப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைப் பெற, நோய் முற்றிய, மேலும் முற்றிக்கொண்டே போகிற நிலையில் இருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் மரணம் வரும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். நோயாளியே தாங்க முடியாதது என்று கருதும் துன்பம் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் தெளிவு இருக்க வேண்டும். யாருடைய வற்புறுத்தலும் இருக்கக் கூடாது. வயது, குடியுரிமை, மாநிலத்தில் வசித்த காலம் பற்றியும் விதிகள் உண்டு. ஒருவருக்கொருவர் சார்பில்லாத இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். நோயாளி மூன்று முறை கேட்க வேண்டும், அதில் ஒன்று சாட்சிகள் முன்னால் எழுத்தில். முதல் வேண்டுகோளுக்கும் கடைசி வேண்டுகோளுக்கும் நடுவே பொதுவாக ஒன்பது நாள் இடைவெளி வேண்டும். எந்தக் கட்டத்திலும் “வேண்டாம்” என்று விலகிக்கொள்ளலாம். டீச்சரம்மாவுக்குத் தகுதி இருக்கிறதா என்று எனக்கும் சொல்ல முடியாது, உங்களுக்கும் முடியாது. அது அந்த இரண்டு மருத்துவர்களின் வேலை. உங்கள் முன்னால் இருக்கும் விஷயம் அதைவிடச் சின்னது: அவர் கேட்ட கேள்வி அந்த மருத்துவர்களில் ஒருவரிடமாவது போய்ச் சேர்கிறதா என்பது.

உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது

உங்களைத் தூங்கவிடாமல் செய்கிற பயம் இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் இதை முதலில் தீர்த்துவிடுவோம். மனச்சாட்சி இடம் கொடுக்காத எந்த மருத்துவரும் நர்ஸும் இதிலிருந்து விலகி நிற்கலாம் என்று குயின்ஸ்லாந்துச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. பரிசோதனையில் பங்கெடுக்க வேண்டாம். மருந்தைத் தொட வேண்டாம். மருந்து கொடுக்கும் நேரத்தில் அந்த அறையில் நிற்கக்கூட வேண்டாம். சட்டம் தரும் உரிமையைப் பயன்படுத்தியதற்காக உங்கள் பதிவைப் பறிக்க முடியாது. விசாவுக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். இதை வைத்து யாராவது மிரட்டினால் உடனே உங்கள் நர்ஸ் சங்கத்திடம் போங்கள்.

“ஊசியை என் கையில் கொடுத்துவிடுவார்களோ” என்று எழுதியிருக்கிறீர்கள். குயின்ஸ்லாந்தில் அனுபவமுள்ள நர்ஸ்களும் மருந்து கொடுப்பவராகப் பணியாற்றலாம் என்பது உண்மைதான். இந்த மாநிலம் சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போலப் பதின்மூன்று மடங்கு. மருத்துவர்களை மட்டும் நம்பினால் வெளியூர் நோயாளிகளுக்கு எட்டவே எட்டாது என்பதால்தான் நர்ஸ்களையும் சேர்த்தார்கள். ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி முடிக்க வேண்டும், தகுதி காட்ட வேண்டும், தானாக முன்வர வேண்டும். ரோஸ்டரில் பெயர் போட்டு யாரையும் அனுப்புகிற வேலை இல்லை இது.

ஆனால் பேசாமல் இருந்துவிடுவது அந்த உரிமையில் சேராது

இங்கேதான் நீங்கள் எடுத்துக்கொண்டது தவறு. “நான் ஒன்றும் சொல்லாமல் விட்டதுதான் பாதுகாப்பு” என்கிறீர்கள். இல்லை. மனச்சாட்சியின் பேரில் மறுக்கிற பதிவுபெற்ற நர்ஸுக்கு அந்தச் சட்டமே இரண்டு கடமைகளை வைக்கிறது. வேறு மருத்துவர்களோ சேவைகளோ உதவ முடியும் என்று கேட்டவரிடம் சொல்ல வேண்டும். அப்படி உதவக்கூடிய ஒருவரைப் பற்றிய விவரத்தையோ, அரசின் வழிகாட்டு சேவையின் தொடர்பு விவரத்தையோ கொடுக்க வேண்டும். குயின்ஸ்லாந்தில் அந்தச் சேவையின் பெயர் க்யூவாட் சப்போர்ட். நோயாளியே நேரடியாக அவர்களைத் தொடர்புகொள்ளலாம், யார் அனுமதியும் தேவையில்லை. அவ்வளவுதான் உங்கள் கடமை. ஆதரிக்க வேண்டாம், விளக்க வேண்டாம், வாதாட வேண்டாம். ஒரு தாளில் அந்த விவரத்தை எழுதிக் கொடுத்தால் போதும்.

“பேச்சை எடுக்கவே கூடாது என்று பயிற்சியில் சொன்னார்களே” என்று கேட்பீர்கள். அது பாதி சரி. நர்ஸோ பராமரிப்புப் பணியாளரோ தானாக இந்தப் பேச்சைத் தொடங்கக் கூடாது. யோசனையாகச் சொல்லவும் கூடாது. மருத்துவரும் நர்ஸ் பிராக்டிஷனரும் (உயர் பயிற்சி பெற்ற மூத்த நர்ஸ்) மட்டும், மற்ற சிகிச்சை வழிகளையும் பேலியேட்டிவ் கேரையும் (வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பராமரிப்பு) கூடவே விளக்கினால், எடுத்துப் பேசலாம். வயதானவரிடம் “நீங்கள் போவதே மேல்” என்று யாரும் ஜாடை காட்டிவிடக் கூடாது என்பதற்கான காவல் இது, நான் மிகவும் மதிக்கிற விதி. ஆனால் நோயாளியே கேட்டால் பதில் சொல்வதை அது தடுக்கவில்லை. டீச்சரம்மா கேட்டார். அதுவும் “ஆரிட்டக் கேக்கிறது” என்று, எந்தப் பதில் உங்களால் கொடுக்க முடியுமோ சரியாக அதையே கேட்டார்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களிடம் கேட்டது சட்டத்தின் கண்ணில் ‘முதல் வேண்டுகோள்’ ஆகாது. அதை நோயாளி தானே ஒரு மருத்துவரிடம், சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்ல வேண்டும். அவருக்காக நீங்களோ மகனோ கேட்க முடியாது. அந்த ஒன்பது நாள் கணக்கும் அப்போதுதான் தொடங்கும். அதாவது, இந்த இரண்டு வாரத்தில் டீச்சரம்மாவின் கணக்கில் ஒரு நாள்கூட நகரவில்லை. குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நோய் முற்றியவருக்கு இரண்டு வாரம் என்பது எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். கேட்கத் தாமதித்து, நடுவிலேயே தெளிவு இழந்துவிடுகிறவர்கள் உண்டு. அதன் பிறகு இந்த வழி கிடையாது. முன்கூட்டியே எழுதிவைத்த மருத்துவ உயிலை வைத்தும் இதைப் பெற முடியாது.

சர்ச் நடத்தும் இல்லம் என்றால்?

ஒரு நிறுவனம் “நாங்கள் இதைச் செய்வதில்லை” என்று முடிவெடுக்கலாம். அப்படி முடிவெடுத்தால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவர் தகவல் கேட்டால் அதைத் தடுக்கக் கூடாது. வழிகாட்டு சேவையைச் சேர்ந்தவரோ மருத்துவரோ வந்து விளக்குவதற்கு நியாயமான அளவில் உள்ளே அனுமதிக்க வேண்டும். டீச்சரம்மா அந்த இல்லத்தில் நிரந்தரமாக வசிக்கிறவர், அதுதான் அவர் வீடு. அதனால் அவரைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: பரிசோதிக்கும் மருத்துவர்களையும், பிறகு தகுதி உறுதியானால் மருந்து கொடுப்பவரையும்கூட இல்லத்துக்குள் அனுமதிக்க வேண்டும். வேறு காரணத்துக்காகச் சில நாள் சேர்ந்திருக்கும் மருத்துவமனை நோயாளிக்கு விதி வேறு, அவரை இடம் மாற்றச் சொல்லலாம். “எங்கள் இல்லத்தில் பேசவே கூடாது” என்று உங்களிடம் சொன்னவர் இந்த வேறுபாட்டை அறியாமல் சொல்லியிருக்கலாம். எழுத்தில் உள்ள கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் வாய்ச்சொல்லைவிட எழுத்து தாராளமாகவே இருக்கும்.

நம்பிக்கை சார்ந்த இல்லங்களை நான் குறை சொல்லவில்லை. கடைசி நாட்களில் அவர்கள் காட்டும் கனிவு பெரிது. ஆனால் வெளியூர்களில் இருப்பதே ஓரிரண்டு இல்லங்கள்தான். பிடிக்காவிட்டால் வேறு இடத்துக்குப் போ என்று சொல்ல அங்கே வேறு இடம் இருப்பதில்லை.

தமிழ் தெரிந்த நர்ஸ் நீங்கள் ஒருவர் மட்டுமே

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். அந்த இல்லத்தில் வசிக்கும் மற்றவர்கள் ஒரு நர்ஸிடம் கேட்டு, அவர் மறுத்தால், அடுத்த ஷிஃப்டில் இன்னொருவரிடம் கேட்கலாம். டீச்சரம்மாவுக்கு அந்த வசதி இல்லை. தன் மொழியில் ஒரே ஒரு கதவைத்தான் தட்ட முடியும், அது நீங்கள்.

அதற்காக நீங்களே மொழிபெயர்ப்பாளராகிவிட முடியாது. விஏடி தொடர்பான பரிசோதனைகளில் மொழிபெயர்ப்பவர் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். குடும்பத்தாராக இருக்கக் கூடாது, உயிலால் பயன் பெறுகிறவராக இருக்கக் கூடாது, அவருக்கு நேரடியாகப் பராமரிப்புக் கொடுக்கிறவராகவும் இருக்கக் கூடாது. ஆகவே நீங்களும் முடியாது, மகனும் முடியாது. இது நல்ல விதி. “வலி தாங்கவில்லை” என்பதை “சாக வேண்டும்” என்றோ, “சாக வேண்டும்” என்பதை “கொஞ்சம் சோர்வாக இருக்கிறார்” என்றோ நம் ஆட்கள் அன்பின் பேரிலேயே மாற்றிச் சொல்லிவிடுவது எனக்குத் தெரியும்.

ஆனால் வழக்கம்போல் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துவிடலாம் என்றால், அங்கே ஒரு சிக்கல். தொலைபேசி, இணையம் வழியாகத் தற்கொலைக்குத் தூண்டுவதையோ வழி சொல்வதையோ தடுக்கும் பிரிவுகள் மத்திய அரசின் குற்றவியல் சட்டத்தில் இருக்கின்றன. விஏடி சட்டங்களுக்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்டவை. மெல்போர்ன் மருத்துவர் நிக்கோலஸ் கார் தொடுத்த வழக்கில், அந்தப் பிரிவுகளைப் பொறுத்தவரை விஏடியும் ‘தற்கொலை’ என்ற சொல்லுக்குள் வரும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2023 நவம்பர் 30 அன்று தீர்ப்பளித்தது. அதனால் பொதுவான தகவல் சொல்வது, சந்திப்புக்கு நேரம் குறிப்பது தவிர, மருந்தையும் அதை எடுப்பதையும் பற்றிய பேச்சை மருத்துவர்கள் போனிலோ வீடியோவிலோ வைத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். மற்ற எல்லாச் சிகிச்சைக்கும் டெலிஹெல்த் கைகொடுக்கும் நாட்டில், நடக்கவே முடியாதவர்களுக்கான இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் மருத்துவர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காரோட்டி வர வேண்டியிருக்கிறது. எனக்கு இது கொடுமையாகவே படுகிறது. நாடாளுமன்றம் ஒரு வரியில் திருத்தக்கூடியது.

தகுதியுள்ள மருத்துவர்களே குறைவு. பதிவும் அனுபவமும் இருந்தாலும் தனிப் பயிற்சி முடித்தவர்தான் ஏற்க முடியும். ஒரு நோயாளிக்குப் பல மணி நேரம் ஆகும், படிவங்கள் ஏராளம். இதற்கென்று, அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் கட்டணக் குறியீடும் இல்லை. முன்வருகிற சிலர் மேலேயே எல்லாச் சுமையும் விழுகிறது, அவர்களும் களைத்துப்போகிறார்கள். இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேரில் வரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர், நேரில் வரும் மருத்துவர் இரண்டு பேரையும் உங்கள் ஊரில் ஒரே நாளில் சேர்ப்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டை க்யூவாட் சப்போர்ட்தான் பார்க்கும். எவ்வளவு சீக்கிரம் அவர்களிடம் போகிறதோ அவ்வளவு நல்லது.

இது தற்கொலைக்கு உடந்தையா?

குயின்ஸ்லாந்துச் சட்டப்படி இல்லை. இப்படி இறப்பவர் தற்கொலை செய்துகொண்டதாகக் கருதப்படுவதில்லை. அடிப்படை நோயால் இறந்ததாகவே கொள்ளப்படும். நீங்கள் இந்தியாவில் படித்தது அங்கே இன்றும் சரி: 2018 மார்ச் 9 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அனுமதித்தது உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்வதை மட்டுமே. மருந்து கொடுத்து மரணத்துக்கு உதவுவது அங்கே குற்றம். இரண்டு நாட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் திருச்சபையின் போதனை வேறு, அது எனக்குத் தெரியும். அதில் நான் தலையிட மாட்டேன். ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுப்பதுகூட உங்கள் மனச்சாட்சியை உறுத்தினால், அந்த நேரத்திலேயே மேலாளரைக் கூப்பிட்டு, “இவர் ஒரு விஷயம் கேட்கிறார், என்னால் பதில் சொல்ல இயலவில்லை” என்று சொல்லுங்கள். சட்டம் சொல்லும் விவரம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், “நல்ல பேலியேட்டிவ் கேர் இருந்தால் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் இந்த நாட்டில் விஏடி கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பேலியேட்டிவ் கேரில் இருப்பவர்கள். பலருக்கு வலி அடங்கியிருக்கும். மற்றவர் கையில் குளிப்பது, மலம் கழிப்பது, வாசிக்கக்கூட முடியாமல் போவது இவைதான் தாங்க முடியாதவை. அதே நேரம், கேட்கிற எல்லோரும் முடிவெடுத்துவிட்டவர்களும் அல்ல. எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் தணியும் நிலையில் இருக்கலாம். மனச்சோர்வு இருக்கலாம். மகன் வருவது குறைந்திருக்கலாம். கேள்வி வெளியே வந்தால்தான் இதையெல்லாம் யாராவது தேடிப் பார்ப்பார்கள். நீங்கள் நோட்ஸில் எழுதாததால் விஏடி மட்டும் நின்றுபோகவில்லை, வலிக்கான மறுபரிசோதனையும் சேர்ந்தே நின்றுபோனது.

மகனிடம் சொல்லலாமா?

டீச்சரம்மாவின் சம்மதம் இல்லாமல் கூடாது. தெளிவாக இருக்கும் நோயாளியின் பேச்சை மகனிடம் சொல்வது ரகசியக் காப்பை மீறுவது. மகனுக்கு இதில் வீட்டோ உரிமையும் இல்லை. ஆனாலும் மகனுக்குத் தெரியாமலே நடந்தால் பிறகு அந்த வீடு படும் பாட்டையும் நாம் நினைக்க வேண்டும். “தம்பியிட்ட நீங்களே கதைக்கப் போறீங்களா, இல்லை டாக்டர் கதைக்கட்டுமா” என்று பின்னால் யாராவது கேட்பார்கள். அது உங்கள் வேலை அல்ல.

இனி என்ன செய்யலாம்

இன்றோ நாளையோ மேலாளரிடம் போய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த இரவு, என்ன வார்த்தை, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதைத் தாமதமான பதிவு என்று குறித்து நோட்ஸில் எழுதுங்கள். டீச்சரம்மா சொன்னதைத் தமிழிலேயும் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் கருத்தை எழுதுங்கள். உங்கள் மனச்சாட்சி மறுப்பையும் அப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பிறகு டீச்சரம்மாவிடம் போங்கள். “அன்றைக்கு நீங்க ஒரு கேள்வி கேட்டீங்க, நான் பதில் சொல்லாமப் போயிட்டேன்” என்று தொடங்கினால் நீங்கள் புதிதாகப் பேச்சை எடுப்பதாகாது, அவர் கேட்டதற்குப் பதில் சொல்வதுதான். “என்னால இதுல உதவ முடியாது, என் நம்பிக்கை அப்படி. உதவக்கூடியவங்க இருக்காங்க, விவரம் இந்தத் தாளில் இருக்கு” என்று சொல்லுங்கள். அவர் வாங்கிக்கொள்ளலாம், “வேண்டாம் பிள்ளை, அண்டைக்கு வலியில சொன்னனான்” என்றும் சொல்லலாம். எதுவானாலும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எதனால் அப்படித் தோன்றியது என்று கேளுங்கள், சொல்வதைக் குறித்து மருத்துவருக்குத் தெரிவியுங்கள். மருந்து வேளைக்கு வழக்கம்போல் நீங்களே போங்கள். மறுத்துவிட்டதால் இனி அந்த அறைக்கே போகக் கூடாது என்று ஒதுங்கிவிட வேண்டாம், அவருக்குப் பேச வேறு ஆள் இல்லை.

உங்களுக்கும் பேச ஆள் வேண்டும். நர்ஸ்களுக்கென்றே இந்த நாட்டில் ‘நர்ஸ் அண்ட் மிட்வைஃப் சப்போர்ட்’ என்ற தேசியத் தொலைபேசி சேவை இருக்கிறது. எந்நேரமும் கூப்பிடலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. தூக்கமில்லாமல் இருப்பதை அங்கே சொல்லுங்கள்.

மேலாளர் தடுத்தாலோ, ஒரு வாரத்தில் எதுவும் நகராவிட்டாலோ, யாரிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்ற விவரத்துடன் மறுபடி எழுதுங்கள். அடுத்து எங்கே முறையிடுவது என்பதைச் சேர்ந்து பார்ப்போம்.